தொற்றின் கணக்கும் தொடர்பின் வலையும்

ஊருக்குள் நோய் ஒன்று நுழைந்துவிட்டால் மருத்துவரை அழைப்போம். சுகாதார ஆய்வாளரை அழைப்போம். கணக்கு வாத்தியாரை அழைப்பவர் உண்டோ? இந்தக் கேள்வியைக் கேட்டு நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால் இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, தொற்றுநோய்க்கு எதிரான போரில் கணிதமும் ஒரு படைக்கலமாக இருந்து வருகிறது. பெரியம்மையில் தொடங்கிய அந்தக் கணக்கு மலேரியா, பிளேக், காலரா ஆகியவற்றைக் கடந்து, இன்று உயிரே இல்லாத கணிப்பொறி வைரஸ்களையும் தொட்டு நிற்கிறது. அது வளர்ந்த கதையைச் சற்றே விரிவாகக் காண்போம்.

எட்டில் ஒருவர்

டேனியல் பெர்னூலி என்ற பெயரை இயற்பியல் மாணவர் அனைவரும் அறிவர். பாய்மங்களின் ஓட்டத்தைப் பற்றிய தேற்றத்தைத் தந்தவர் அவரே. அவர் மருத்துவமும் பயின்றவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1760-ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவர் ஒரு கட்டுரையை அளித்தார். பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, நலமாக உள்ளவரின் தோலைக் கீறி ஏற்றும் வழக்கம் அந்நாளில் ஐரோப்பாவில் பரவி வந்தது. அவ்வாறு ஏற்றிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் மெல்லிய அம்மை கண்டு மறைந்துவிடும். பின்னர் அந்நோய் அவரை அண்டாது. ஆனால் இம்முறையிலும் சிலர் இறந்தனர். அப்படியானால் இதனை ஏற்பதா, மறுப்பதா?

பெர்னூலி இதற்கு விடை காணக் கணிதத்தை நாடினார். இதுவரை அம்மை காணாதவர்களில் ஆண்டுக்கு எட்டில் ஒருவருக்கு அது வரும் என்றும், வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறப்பார் என்றும் எடுத்துக்கொண்டார். வானியல் அறிஞர் ஹாலி தொகுத்திருந்த பிறப்பு இறப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்தார். பெரியம்மை அடியோடு ஒழிந்தால் மக்களின் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்ற முடிவு கிடைத்தது. ஆகவே, சிறிய ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அவருடைய தீர்ப்பு.

தெலாம்பர் என்ற மற்றொரு பெருங்கணித அறிஞர் உடனே ஒரு தடையை எழுப்பினார். பல ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கப்போகும் சராசரி ஆதாயத்தைக் காட்டி, இன்று கீறிக்கொள்ளப் போகும் ஒரு தனி மனிதனை எப்படித் தேற்றுவது என்று கேட்டார். சராசரிக்கும் தனி ஆளுக்கும் இடையே தோன்றிய இந்த வழக்கு, நம் கதை நெடுகிலும் வெவ்வேறு வேடத்தில் வரப்போகிறது. அதனை நினைவில் வையுங்கள்.

எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டுமா?

அடுத்த காட்சி நம் நாட்டில் நிகழ்கிறது. 1897 ஆகஸ்டு 20. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியைக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். மலேரியாக் கிருமியின் வளர்ச்சி நிலை ஒன்றை அங்கே கண்டார். இக்கண்டுபிடிப்பு அவருக்கு 1902-இல் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது.

ராஸின் யோசனை எளியது: கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும். எதிர்த்தவர்களின் வாதமும் எளியதே. உலகில் உள்ள கொசுக்கள் அனைத்தையும் யாரால் ஒழிக்க முடியும்? ஒன்றிரண்டு மிஞ்சினாலும் நோய் மீண்டும் பரவாதா? இதற்கு ராஸ் சமன்பாடுகளால் விடையளித்தார். 1911-இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் அவற்றை விரிவாக எழுதினார். ஒரு நோயாளியைக் கொசு கடிக்க வேண்டும். கிருமி முதிரும்வரை அக்கொசு உயிரோடிருக்க வேண்டும். பிறகு அது இன்னொரு மனிதரைக் கடிக்க வேண்டும். இத்தனையும் நிறைவேறினால்தான் ஒரு புதிய நோயாளி உண்டாவார். கொசுக்களின் அடர்த்தி ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், ஒவ்வொரு நோயாளியும் தமக்குப் பதிலாக முழுமையாக ஒருவரைக்கூட உண்டாக்க இயலாது. கொசு இருந்தும் மலேரியா தானே தேய்ந்து மறையும்.

இந்த எல்லையை இயற்பியலார் மாறுநிலை என்று கூறுவர். அணுஉலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணுப்பிளவிலிருந்து வெளிவரும் நியூட்ரான்கள் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட புதிய பிளவுகளை உண்டாக்கினால் தொடர்வினை வளரும். ஒன்றுக்குக் குறைந்தால் அணையும். நோயும் அப்படியே. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருகிறார் என்பதைப் பெருக்க எண் என்போம். அது 2 ஆனால், பத்தாவது தலைமுறையில் ஒருவர் 1,024 பேராகப் பெருகுவார். அது 0.9 ஆனால், 100 நோயாளிகளில் தொடங்கினாலும் அடுத்து 90, பின்னர் 81 என்று சரிந்து, மொத்தமாக ஏறத்தாழ 1,000 பேரோடு நோய் ஓய்ந்துவிடும். பெருக்கத்துக்கும் ஓய்வுக்கும் நடுவே நிற்பது 1 என்ற எண்தான்.

பம்பாய்ப் பிளேக்கும் மூன்று கூட்டங்களும்

1901-இல் ராஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றபோது உடன் சென்ற இளம் மருத்துவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். பின்னாளில் இவர் சிம்லாவுக்கு அருகே கசௌலியில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். உடல்நலம் குன்றியதால் 1920-இல் எடின்பரோவுக்குத் திரும்பி, அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திற்குத் தலைவரானார். அக்கூடத்தில் வில்லியம் கெர்மாக் என்ற வேதியியலார் இருந்தார். 1924-இல் நேர்ந்த ஒரு வெடிவிபத்தில் கெர்மாக் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 26. எனினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை.

இவ்விருவரும் சேர்ந்து 1927-இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளம். அவர்கள் மக்களை மூன்று கூட்டங்களாகப் பிரித்தனர்: இனி நோய் வரக்கூடியவர்; இப்போது நோயுற்றிருப்பவர்; நோயிலிருந்து மீண்டவர் அல்லது இறந்தவர். முதற்கூட்டத்தின் எண்ணிக்கையையும் இரண்டாம் கூட்டத்தின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் தொகைக்கு ஏற்பப் புதிய நோயாளிகள் தோன்றுவர். வேதியியல் மாணவர்கள் இதனை உடனே இனம் கண்டுகொள்வர். இரு பொருள்கள் வினைபுரியும் வேகம் அவற்றின் செறிவுகளின் பெருக்கற்பலனைப் பொறுத்தது என்ற நிறைத்தாக்க விதியின் மறுவடிவமே இது.

தங்கள் சமன்பாட்டைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கினால் வாரந்தோறும் நேர்ந்த சாவுகளின் பட்டியல். மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும் மணி வடிவ வளைகோடு அதனோடு ஒத்து வந்தது. பிளேக்கு முதன்மையாக எலிகளின் நோய், தெள்ளுப்பூச்சி வழியே மனிதருக்கு வருவது. ஆதலால் இப்பொருத்தம் தோராயமானது என்பதையும் மறக்கலாகாது.

அக்கட்டுரை உணர்த்திய உண்மை ஒன்று மிகவும் முக்கியமானது. கொள்ளைநோய் ஓய்வது ஏன்? எல்லாருக்கும் வந்து தீர்ந்துவிட்டதாலா? கிருமியின் வீரியம் குறைந்ததாலா? இவை இரண்டும் தேவையே இல்லை. நோய் வரக்கூடியவர்களின் அடர்த்தி மாறுநிலைக்குக் கீழே இறங்கியதும் நோய் தானே சரியத் தொடங்கும். ஊரில் ஒரு பகுதியினர் நோய் காணாமலே தப்பிவிடுவர். தடுப்பூசி எல்லாருக்கும் போடப்படாவிட்டாலும் ஊர் காக்கப்படுவதன் இரகசியம் இதுவே.

223 வீடுகள், 93 வீடுகள்

ஆனால் இக்கணக்கில் ஓர் ஊகம் மறைந்து கிடக்கிறது. குடுவைக்குள் அலையும் வாயு மூலக்கூறுகளைப் போல, ஊரில் யாரும் யாரையும் சம வாய்ப்போடு சந்திப்பர் என்பதே அது. உண்மையில் மனிதர் அப்படியா வாழ்கின்றனர்? நமக்கென்று ஒரு தெரு, ஒரு கடை, ஒரு பேருந்து, ஒரு கிணறு என்று இருக்கின்றன அல்லவா?

வியப்பு என்னவென்றால், இந்த ஊகம் பொய்க்கும் இடத்தை மெக்கென்ட்ரிக்கே அதற்கு முந்தைய ஆண்டில் எடுத்துக்காட்டியிருந்தார். 1926-இல் அவர் எழுதிய கட்டுரையில் இந்தியச் சிற்றூர் ஒன்றின் காலராக் கணக்கு வருகிறது. அவ்வூரில் 223 வீடுகள். அவற்றுள் 168 வீடுகளில் நோயில்லை. 32 வீடுகளில் ஒவ்வொருவர், 16 வீடுகளில் இவ்விருவர், 6 வீடுகளில் மும்மூவர், ஒரு வீட்டில் நால்வர் நோயுற்றனர். மொத்தம் 86 நோயாளிகள். வீட்டுக்குச் சராசரி 0.39.

எல்லா வீடுகளும் ஒரே அளவு ஆபத்தில் இருந்திருந்தால் நோய் எப்படிச் சிதறியிருக்கும்? இதற்கு புவாசான் என்ற பிரெஞ்சு அறிஞரின் விதி உண்டு. கதிரியக்கப் பொருளிலிருந்து ஒரு குறித்த நேரத்தில் எத்தனை ஆல்ஃபாத் துகள்கள் வரும் என்பதையும் இதே விதிதான் கூறுகிறது. அதன்படி சுமார் 58 வீடுகளில் ஒவ்வொரு நோயாளி இருந்திருக்க வேண்டும், இருந்ததோ 32. மூவர் நோயுற்ற வீடு ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், இருந்ததோ 6. கணக்கு பொருந்தவில்லை.

மெக்கென்ட்ரிக் நோயில்லாத வீடுகளை ஒதுக்கிவிட்டு, நோய் கண்ட வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டார். ஆபத்துக்கு ஆளான வீடுகள் 93 மட்டுமே என்று கொண்டால் விதியின்படி 37 வீடுகள் தப்பும். 34, 16, 5, 1 என்ற வரிசையில் மற்றவை நோயுறும். உண்மை எண்களான 32, 16, 6, 1 ஆகியவற்றோடு இவை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, பாருங்கள்! ஊரில் பல கிணறுகள் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று மட்டும் கெட்டிருக்கவேண்டும். 93 வீட்டார் அதில் நீர் எடுத்திருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பின்னர் அவ்வூரில் விசாரித்தபோது அது உண்மை என்று தெரியவந்தது.

0.39 என்ற சராசரி பொய்யான எண் இல்லை. ஆனால் அதைக் கொண்டு அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது. யார் எந்தக் கிணற்றோடு இணைந்திருக்கிறார் என்ற தொடர்பின் அமைப்பே நோயின் வழியை முடிவு செய்தது.

வலை என்னும் கருவி

தொடர்புகளைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் வரைந்து ஆராயும் கணிதத்தை 1730-களிலேயே ஆய்லர் தொடங்கி வைத்திருந்தார். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிர் அது. ஆய்லர், பெர்னூலியின் நண்பர். இருவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். ஒருவர் நோயின் கணக்கையும் மற்றவர் வலையின் கணக்கையும் தொடங்கினர். இவ்விரண்டும் கை கோக்க இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது.

ஹங்கேரியைச் சேர்ந்த எர்டிஷும் ரேனியும் 1959, 1960 ஆண்டுகளில் வலைகளைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதினர். பல புள்ளிகளைத் தூவி, அவற்றுள் இரண்டிரண்டைக் குருட்டாம்போக்கில் கோட்டால் இணைத்துக்கொண்டே போங்கள். முதலில் சிறு சிறு துண்டுகளே தோன்றும். புள்ளிக்குச் சராசரியாக ஓர் இணைப்பு என்ற அளவைத் தாண்டியதும், பெரும்பகுதிப் புள்ளிகளை அடக்கிய ஒரே பெருந்துண்டு விரைந்து உருவாகும். இங்கேயும் மாறுநிலையில் நிற்பது அதே 1 என்ற எண்தான்.

உயிரற்ற தொற்று

1980-களில் கதைக்குள் ஒரு புதிய பாத்திரம் வந்தது. தன்னைத் தானே படியெடுத்துப் பிற நிரல்களில் ஒட்டிக்கொள்ளும் கணிப்பொறி நிரல்களை 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் பிரெட் கோகன் ஆராய்ந்தார். வைரஸ் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்த ‘பிரெய்ன்’ என்ற வைரஸ், நெகிழ்வட்டுகள் வழியே நாடு நாடாகச் சென்றது. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்க மாணவர் ஒருவர் வலையில் விட்ட ‘புழு’ நிரல், அந்நாளில் வலையில் இணைந்திருந்த சுமார் 60,000 பொறிகளில் ஏறத்தாழ 6,000 பொறிகளைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது.

நோய்க் கணக்கை இவற்றுக்குப் பொருத்தினால் என்ன? ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களான கெஃபார்ட்டும் ஒயிட்டும் 1991-இல் இதனைச் செய்தனர். நெகிழ்வட்டை நாம் எல்லாரோடும் மாற்றிக்கொள்வதில்லை. உடன் பணிபுரிவோர் சிலரோடு மட்டுமே மாற்றிக்கொள்கிறோம். ஆகவே பரவும் வழி ஒரு வலை என்பதைத் தம் கணக்கின் மையத்தில் வைத்தனர்.

பரவும் வழி மாறினால் கணக்கும் மாறும் என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள் சொல்லலாம். 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றி வந்த ‘ஐ லவ் யூ’ வைரஸ், பொறியில் இருந்த முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ளவர்க்கெல்லாம் தன்னை மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டது. அது சென்ற வழி, மனிதர்களின் நட்பு வலை. மாறாக, 2003 ஜனவரி 25 அன்று பரவிய ‘ஸ்லாமர்’ புழு முகவரிகளைக் குருட்டாம்போக்கில் உருவாக்கித் தாக்கியது. யாரும் யாரையும் சம வாய்ப்போடு சந்திக்கும் பழைய வாயுக் குடுவை அதற்கு மிகவும் பொருந்தியது! தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டித்தது. அதாவது நிமிடத்திற்கு நூறு மடங்குக்கும் மேல். பத்து நிமிடத்திற்குள், தாக்கக்கூடிய பொறிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை அதன் வசமாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்த நிரல் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது என்பது வருந்தத்தக்க செய்தி.

மறைந்துபோன மாறுநிலை

1990-களில் ஆய்வாளர்களை ஒரு புதிர் வாட்டியது. பல கணிப்பொறி வைரஸ்களுக்கு மாற்று நிரல்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ கிடைத்தன. ஆயினும் அவை மாதக்கணக்கில், ஓராண்டுகூட, மிகக் குறைந்த எண்ணிக்கையில் உயிர்பிழைத்துக் கிடந்தன. பழைய கணக்கின்படி பெருக்க எண் 1-ஐத் தாண்டினால் நோய் பெருக வேண்டும்; தாண்டாவிட்டால் அழிய வேண்டும். இரண்டுமின்றி இவை தங்கிநின்றது எப்படி?

விடை தந்தவர்கள் இரு இயற்பியலார். பார்சிலோனாவின் பாஸ்தோர் சதோராஸும், இத்தாலியில் த்ரியெஸ்தே நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் அப்போது பணியாற்றிய வெஸ்பிஞானியும் 2001-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். இணைய வலைகளில் இணைப்புகள் மிகவும் ஏற்றத்தாழ்வாக உள்ளன என்று 1999-இல் பராபாசி முதலியோர் காட்டியிருந்தனர். பெரும்பாலான முடிச்சுகளுக்கு இரண்டு, மூன்று இணைப்புகள். ஒருசில முடிச்சுகளுக்கோ ஆயிரக்கணக்கில் இணைப்புகள். இத்தகைய வலை பெரிதாகப் பெரிதாக, மாறுநிலை சுழியத்தை நோக்கித் தேய்ந்துவிடுகிறது. எவ்வளவு மந்தமான தொற்றும் அதில் ஒரு மூலையில் பிழைத்திருக்கும்.

ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பத்துப் பேர் உள்ள ஒரு குழு. ஒருவர் கடைக்காரர், அவருக்கு மற்ற ஒன்பது பேரும் பழக்கம். அந்த ஒன்பது பேருக்கும் கடைக்காரரை மட்டுமே தெரியும். ஓர் ஆளுக்குச் சராசரிப் பழக்கம் எத்தனை? ஒன்பது ஒன்றும் ஓர் ஒன்பதுமாகப் பதினெட்டு. பத்தால் வகுத்தால் 1.8. இப்போது ஒவ்வொருவரிடமும் சென்று, ‘உங்களுக்குப் பழக்கமானவருக்கு எத்தனை பேர் பழக்கம்?’ என்று கேளுங்கள். ஒன்பது பேர் ‘ஒன்பது’ என்பர். கடைக்காரர் மட்டும் ‘ஒன்று’ என்பார். சராசரி 8.2! நோய் ஆட்களின் சராசரியைப் பார்த்து நடப்பதில்லை. அது இணைப்பின் வழியே செல்வது. ஆகவே இணைப்பு மிகுந்தவரிடமே விரைந்து போய்ச் சேர்கிறது. அங்கிருந்து எல்லாத் திசைக்கும் கிளைக்கிறது.

இருக்கும் மருந்து சிறிது

இக்கணிதம் பிறக்கும் முன்னரே அதன் பயனைக் களத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை தோன்றியபோது, வில்லியம் ஃபேகி என்ற அமெரிக்க மருத்துவரிடம் போதிய தடுப்பு மருந்து இல்லை. அவரும் அவருடைய குழுவினரும் வானொலித் தொடர்பு மூலம் எந்தெந்த ஊரில் நோய் இருக்கிறது என்று விசாரித்தனர். நோயாளியைச் சுற்றியிருந்தோருக்கும், அவர்கள் சென்றுவரக்கூடிய இடங்களில் உள்ளோருக்கும் முதலில் போட்டனர். மக்கள்தொகையில் சிறுபகுதிக்கே மருந்து போட்டும் நோய் நின்றது. வளையம் போல் சூழ்ந்து தடுக்கும் இம்முறை பின்னர் இந்தியாவிலும் கையாளப்பட்டது. 1980 மே மாதத்தில், பெரியம்மை உலகைவிட்டே நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

2003-இல் சார்ஸ் நோய் வந்தபோது, ஹாங்காங்கின் ஒரு விடுதியில் தங்கிய ஒரே நோயாளியிடமிருந்து தொற்றிய விருந்தினர்கள் அதனை ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ வரை கொண்டுசென்றனர். அதேசமயம் நோயுற்றோரில் மிகப் பலர் வேறு யாருக்குமே அதனைத் தரவில்லை. சராசரி எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இது மற்றொரு சான்று.

அதே ஆண்டு இஸ்ரேலின் கோகன், ஹாவ்லின் ஆகியோர் பென் ஆவிரகாமுடன் சேர்ந்து ஓர் அழகிய வழியைக் கூறினர். வலையின் முழுப் படமும் நம்மிடம் இல்லை, இணைப்பு மிகுந்தவர் யாரென்று தெரியாது, மருந்தோ குறைவு. என்ன செய்யலாம்? யாரையேனும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்குப் போடாமல், அவருக்குப் பழக்கமான ஒருவரின் பெயரைக் கேட்டு அவருக்குப் போடுங்கள். முன் சொன்ன கடைக்காரர் கணக்கை நினைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை கடைக்காரரே அகப்படுவார். ஒரே ஒரு கேள்வியால் மருந்தின் பயன் பன்மடங்காகிறது.

இங்கே ஒரு சொல் எச்சரிக்கையாகக் கூறவேண்டும். வலையில் இணைப்பு மிகுந்தவர் யார்? மருத்துவமனைச் செவிலியர், பேருந்து நடத்துநர், மளிகைக் கடைக்காரர், காய்கறி விற்பவர் போன்றோரே. கொள்ளைநோய்க் காலங்களில் இவர்களைக் குற்றவாளிகளைப் போல் ஒதுக்கி வைக்கும் கொடுமை பல நாடுகளில் நிகழ்ந்ததுண்டு. 2020-இலும் அதைக் கண்டோம். கணிதம் காட்டும் வழி அதற்கு நேர்மாறானது. பலரோடு பழகுவது அவர்களுடைய தொழில். அத்தொழிலால்தான் ஊர் இயங்குகிறது. ஆகவே முதல் தடுப்பூசியும் முதல் முகக்கவசமும் அவர்களுக்கே உரியவை. அவர்களைக் காத்தால் அவர்கள் வழியே ஊர் முழுவதையும் காத்தவராவோம்.

நம் மாணவர்கள் நிகழ்தகவுப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கின்றனர். ஒரு தெருவின் வீடுகளையும் அவற்றில் உள்ளோர் நீர் எடுக்கும் இடங்களையும் குறித்துவைத்து, அவ்வப்போது காய்ச்சல் கண்டவர்களை அதில் புள்ளியிட்டுப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். அடுத்த மழைக்காலத்தில் அப்படி ஒரு படம் உங்கள் தெருவுக்கும் இருக்குமானால், எந்தக் குழாயை முதலில் சோதிப்பது என்று அதிகாரிகளிடம் எண்களைக் காட்டிக் கேட்க உங்களால் முடியும்.